தப்பாத புள்ளி

தமிழில் புள்ளிக்கு மரியாதை அதிகம். மெய்யெழுத்தின் தலையில் உட்காருவது புள்ளி. வாசலில் கோலம் போட முதலில் வைப்பது புள்ளி. ஊரில் செல்வாக்கான மனிதர் பெரும்புள்ளி. அரசாங்கம் அவ்வப்போது வெளியிடுவது புள்ளிவிவரம். பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு மட்டும் புள்ளிக்கு வேறு அர்த்தம்: ‘எது வேண்டுமானாலும்’. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் வெளிவட்டச் சாலையிலும் நள்ளிரவு தாண்டியும் விளக்கணையாத மாடிகள் ஏராளம். உலகின் ஏதோ ஒரு மூலையில் பகலாக இருக்கும் ஊரின் வங்கிக்கோ கடைக்கோ விமானக் கம்பெனிக்கோ அங்கே காவல் நடக்கிறது. காவல்காரரின் கையில் தடி இல்லை. லாக் ஃபைல் இருக்கிறது. யார் வந்தார்கள், எந்தக் கதவைத் தட்டினார்கள், எத்தனை மணிக்கு, உள்ளே விட்டோமா திருப்பி அனுப்பினோமா என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டைத் துண்டைக் கட்டிக் கடலில் வீசி, ஓடிய கயிற்றின் நீளத்தைக் கணக்கிட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். கட்டை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கப்பல் தலைவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பார். சர்வர் ஒரு மணி நேரத்தில் லட்சக்கணக்கான வரிகளை எழுதும். மனிதக் கண்ணால் அதைப் படிக்க முடியாது. அதற்காக ஏற்பட்டதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். ‘இப்படி இப்படி இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துக் கொடு’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சூத்திரம் அது. சூத்திரம் என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. நன்னூல் படித்தவர்கள் இதைப் பார்த்தால் உறவு கொண்டாடுவார்கள். சில எழுத்தில் பல பொருள், குறியீடுகள், விதி, விதிவிலக்கு என்று எல்லாம் இங்கும் உண்டு.

இந்தச் சூத்திரத்தில் சில குறிகளுக்கு மட்டும் தனி அதிகாரம். புள்ளி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. நட்சத்திரக் குறி என்றால் முன்னால் உள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம். கூட்டல் குறி என்றால் குறைந்தது ஒரு முறை. கேள்விக்குறி என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சதுர அடைப்புக்குறி என்றால் உள்ளே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று. சரி, நிஜமான புள்ளியையே தேட வேண்டுமென்றால்? அதன் முன்னால் \ என்ற பின்சாய்வுக் கோட்டைப் போட வேண்டும். அதற்குப் பெயர் எஸ்கேப் கேரக்டர். அதிகாரத்திலிருந்து எழுத்தைத் தப்பவைக்கும் குறி.

மொழிபெயர்ப்பவருக்குத் தமிழ் இங்கே ஒரு வசதி செய்துகொடுத்திருக்கிறது. தப்பு என்றால் தப்பித்தல். தப்பு என்றால் தவறு. தப்பவைக்க மறந்தால் தப்பு.

எவ்வளவு பெரிய தப்பு? அலுவலகத்துக்குள் 192.168.1.1 என்ற முகவரி கொண்ட கருவியின் நடமாட்டத்தைத் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை அப்படியே சூத்திரமாகக் கொடுத்தால் அது சிக்கும். கூடவே 192.168.101.7 என்ற வேறொரு கருவியும் சிக்கும். ‘1, ஏதேனும் ஓர் எழுத்து, 1’ என்பதற்கு 101 கச்சிதமாகப் பொருந்துகிறது. முதல் கருவி செய்த குற்றத்துக்கு, வேறொரு மாடியில் இருக்கும் இரண்டாவது கருவியும் பட்டியலில் வரும். அதை வைத்திருப்பவருக்கு மறுநாள் காலையில் விளக்கக் கடிதம் வந்தால் ஆச்சரியமில்லை.

புள்ளிகளைத் தப்பவைத்து 192\.168\.1\.1 என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. 192.168.1.10 முதல் 19 வரை, 100 முதல் 199 வரை எல்லாமே ‘192.168.1.1’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. முடிவு எங்கே என்று சொல்லாத சூத்திரம், வேலி போடாத நிலம். பக்கத்து வீட்டு மாடும் மேயும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பின்சாய்வுக் கோட்டை ஒழுங்காகப் போட்டும் அது வேலை செய்யாமல் போகும். யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் கட்டளையை முதலில் வாங்குபவர் ஷெல் என்ற இடைத்தரகர். அவருக்கும் பின்சாய்வுக் கோடு தெரியும். மேற்கோள் குறிக்குள் வைக்காமல் சூத்திரத்தைக் கொடுத்தால், தமக்கு வந்த கோடு என்று நினைத்து அவரே அதைத் தின்றுவிட்டு, வெறும் புள்ளியை மட்டும் உள்ளே அனுப்புவார். எழுதியவர் கண்ணுக்குத் திரையில் கோடு இருக்கிறது. தேடும் நிரலுக்குப் போய்ச் சேர்ந்ததில் கோடு இல்லை. ஒற்றை மேற்கோளுக்குள் சூத்திரத்தை வைத்தால் ஷெல் கைவைக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரவெல்லாம் கண்விழித்தவர்கள் அனேகம்.

ஜாவாவில் இதே கதை இன்னும் நீளம். அங்கே மேற்கோளுக்குள் இருந்தாலும் மொழி முதலில் ஒரு கோட்டைத் தின்னும். மிஞ்சியதைத்தான் ரெஜெக்ஸ் பார்க்கும். ஆகவே ஒரு புள்ளியைத் தேட இரண்டு கோடு. ஒரே ஒரு பின்சாய்வுக் கோட்டைத் தேட நான்கு கோடு. விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் லாக்கில் ஃபைல் இருக்கும் பாதையைப் பிரிப்பதே பின்சாய்வுக் கோடுதான் என்பதால், அங்கே வேலை செய்பவரின் சூத்திரம் வேலிக் கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. பைத்தான் மொழியில் இதைத் தவிர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால், உள்ளே இருப்பதைத் தொடாதே என்று அர்த்தம்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? 1961ல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பாப் பெமர் இதை அமெரிக்க எழுத்துக் குறியீட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னார். ஆல்கால் என்ற மொழியின் ‘மற்றும்’, ‘அல்லது’ குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு சாய்வுக் கோடுகளால் உருவாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ எஸ்கேப் என்ற தனிக் குறி வேண்டும் என்றும் வாதாடியவர் அவர்தான். அதே மனிதர் 1971லேயே, ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் 2000ல் சிக்கல் வரும் என்று எச்சரித்து எழுதினார். அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலைதான் தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் கம்பெனிகள் பலவற்றுக்குச் சோறு போட்டது. அவர் புகுத்திய கோடு அந்த ஊர் இன்ஜினியர்களின் தூக்கத்தை இன்றைக்கும் கெடுக்கிறது. கொடுத்ததும் அவர், கெடுத்ததும் அவர்.

சூத்திரத்தின் பூர்வீகம் இதைவிடப் பழையது, கம்ப்யூட்டரைச் சேர்ந்ததும் அல்ல. மூளையின் நரம்பணுக்கள் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று 1943ல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதைத் தொடர்ந்து 1951ல் ஸ்டீபன் க்ளீனி என்ற கணித அறிஞர் ‘ரெகுலர்’ நிகழ்வுகள் என்ற கருத்தை வகுத்தார். 1956ல் அது அச்சேறியது. நட்சத்திரக் குறி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1968ல் கென் தாம்சன் அதைத் தேடும் கருவியாக்கினார். 1973ல் அவருடைய ‘க்ரெப்’ யூனிக்ஸில் வந்தது. 1987ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி இதை ஊரெல்லாம் பரப்பியது. தமிழ்நாட்டுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு கிளை உண்டு. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974ல் வாசல் கோலங்களுக்கே முறைசார் இலக்கணம் எழுதி வெளியிட்டார்கள். புள்ளி வைத்த பாட்டிமார்களுக்கு அது தெரிந்திருக்காது.

குடும்பம் பெரிதானதும் கொள்வினை கொடுப்பினையில் குழப்பம் வந்தது. கூட்டல் குறியை எடுத்துக்கொள்ளலாம். பழைய க்ரெப்பில் அது வெறும் கூட்டல் குறி. லினக்ஸில் உள்ள க்ரெப்பில் முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டால்தான் அதற்கு அதிகாரம் வரும். பெர்ல், பைத்தான், ஜாவாவில் தலைகீழ். அங்கே சும்மா இருந்தால் அதிகாரம், கோடு போட்டால் சாதாரணம். ஒரே கோடு ஓரிடத்தில் பதவி கொடுக்கிறது, இன்னோரிடத்தில் பதவியைப் பறிக்கிறது. அரசியல் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கூட்டல் குறியில் இந்தியாவுக்குத் தனி அக்கறை உண்டு. அப்பாச்சி சர்வரின் லாக்கில் ஒவ்வொரு வரியிலும் தேதியும் நேரமும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். கடைசியில் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்ற கணக்கு. கலிஃபோர்னியாவில் கோடையில் -0700, குளிர்காலத்தில் -0800. பெங்களூரில் வருஷம் முழுக்க +0530. அங்கே ஒருவர் ‘ஒரு இடைவெளி, பிறகு -0700’ என்று சூத்திரம் எழுதுகிறார். கழித்தல் குறிக்கு அந்த இடத்தில் சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லை. சூத்திரம் நன்றாக ஓடுகிறது. இங்கே ஒருவர் அதை வாங்கி எண்ணை மட்டும் மாற்றி +0530 என்று போடுகிறார். பைத்தான் அதை எப்படிப் படிக்கும்? ‘ஒன்றோ அதற்கு மேலோ இடைவெளி, பிறகு 0530’. லாக்கில் இருப்பதோ இடைவெளி, கூட்டல் குறி, 0530. பொருந்தவே பொருந்தாது. ஒரு வரிகூட வராது.

அரை மணிக்கணக்கில் உலகத்தோடு ஒத்துப்போகாத இந்திய நேரத்துக்கு இது இன்னொரு கஷ்டம். ஆனால் கஷ்டம் பிழையில் இல்லை, பிழை பேசாமல் இருப்பதில் இருக்கிறது. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போனால் கம்ப்யூட்டர் கத்தும். கூட்டல் குறியைத் தப்பவைக்காவிட்டால் கத்தாது. ‘கிடைத்தவை: பூஜ்யம்’ என்று பணிவாகச் சொல்லும். அந்தப் பூஜ்யத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு உதாரணக் காட்சி. இரவு இரண்டு மணி. யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழையப் பார்ப்பதாகச் சந்தேகம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஓசூர்ப் பையன் சூத்திரத்தை ஓட்டிப் பார்க்கிறான். “ஒண்ணும் சிக்கல மேடம். யாரும் வரல.” பக்கத்து நாற்காலியில் பதினைந்து வருஷ அனுபவம். அவர் சூத்திரத்தைப் பார்க்கவில்லை. “லாக்ல மொத்தம் எத்தனை வரிப்பா? உன் ரூல் எத்தனை வரியப் படிச்சுது?” பையன் எண்ணிப் பார்க்கிறான். மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். படித்தது பூஜ்யம். யாரும் வரவில்லை என்பது வேறு, யார் வந்தாலும் பார்க்கவில்லை என்பது வேறு. வாசலில் காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் வருகைப் பதிவேடு காலியாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாளின் கேள்விதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். சூத்திரத்துக்குப் பொருந்திய வரிகளையும் பொருந்தாத வரிகளையும் கூட்டினால் மொத்த வரி வர வேண்டும். பொருந்தாதவற்றைத் தூக்கி எறியாமல் தனி ஃபைலில் போட்டுவைக்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேரேட்டை நேர்செய்வது போன்ற வேலை. பிழை அந்தத் தனி ஃபைலில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது பாடம், நாம் எழுதியதை நம்பாமல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்ப்பது. சூத்திரத்தை ஓட்டும் முன் அதைத் திரையில் அச்சிட்டால், வழியில் எத்தனை கோடு தின்னப்பட்டது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, லட்சம் வரியோடு மல்லுக்கட்டாமல் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வது. சூத்திரத்தைப் பாதியாக வெட்டி ஓட்ட வேண்டும். பொருந்தினால் தப்பு மறுபாதியில். மறுபடியும் பாதி. நாலைந்து வெட்டில் குற்றவாளி பிடிபடுவார். நான்காவது, தேடுவது நிலையான ஒரு சொல்தான் என்றால் சூத்திரமே வேண்டாம். உள்ளது உள்ளபடி தேடு என்று க்ரெப்பிடம் சொல்ல வழி இருக்கிறது. பைத்தான், ஜாவா இரண்டிலும், கொடுத்த சொல்லில் உள்ள அதிகாரக் குறிகளின் அதிகாரத்தைத் தாமே நீக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கையால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இத்தனையும் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை வெளியிட்டது. இணையத் தாக்குதல் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் ஃபைல்களை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களை அரசு சொல்லும் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். லாக் இப்போது வெறும் நாட்குறிப்பு இல்லை, சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் எந்த நிபந்தனையில் ஏற்கும் என்று சொல்கிறது. 180 நாள் பத்திரப்படுத்திய சாட்சியைக் கூண்டில் ஏற்றி, தப்பான கேள்வி கேட்டால் என்ன பதில் வரும்? பதிவு பொய் சொல்லாது. கேட்டவரின் கூட்டல் குறி பொய் சொல்லவைக்கும்.

தப்பாகப் பொருந்துவது ஒரு வகை, பொருந்தாமல் போவது இன்னொரு வகை. மூன்றாவது வகை, பொருந்துகிறதா என்று யோசித்தே செத்துப்போவது. 2016 ஜூலை 20 அன்று இந்திய நேரப்படி இரவு 8.14க்கு, உலகத்து புரோகிராமர்களெல்லாம் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் படுத்துவிட்டது. யாரோ எழுதிய ஒரு பதிவின் நடுவே ஏறத்தாழ 20,000 இடைவெளிகள் தொடர்ந்து இருந்தன. வரியின் ஓரத்து இடைவெளிகளை வெட்டும் சாதாரணச் சூத்திரம் ஒன்று அதில் மாட்டிக்கொண்டது. இருபதாயிரத்தையும் எண்ணி, வரி அங்கே முடியவில்லை என்று கண்டு, இரண்டாவது இடைவெளியிலிருந்து மறுபடி எண்ணி, மூன்றாவதிலிருந்து மறுபடி... மொத்தம் ஏறத்தாழ 20 கோடி சோதனைகள்.

2019 ஜூலை 2 மாலை 7.12க்கு க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் முறை. அது ஏராளமான இணையதளங்களுக்கு வாசல் காவல். தாக்குதல்களை அடையாளம் காண ஒரு புதிய சூத்திரத்தை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் இறக்கினார்கள். அதற்குள் ‘எது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும்’ என்பது அடுத்தடுத்து இருமுறை வந்து, பிறகு ஒரு சமக்குறி. முதல் ‘எத்தனை வேண்டுமானாலும்’ எவ்வளவு எடுத்துக்கொள்வது, மிச்சத்தில் இரண்டாவது எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று கம்ப்யூட்டர் எல்லாப் பங்கீட்டையும் முயன்று பார்த்தது. சமக்குறிக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து இருந்தால் 23 படியில் முடியும் வேலை, 20 எழுத்து இருந்தால் 555 படி. சமக்குறியே இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லவே 4,067 படி. சர்வர்களின் திறன் முழுக்க இதிலேயே போயிற்று. 27 நிமிடம் அதன் காவலில் இருந்த தளங்களில் கதவு திறக்கவில்லை.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கென் தாம்சன் 1968ல் எழுதிய முறை, எல்லா வாய்ப்புகளையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொண்டு வரியை ஒரே ஓட்டத்தில் படிக்கும். திரும்பிப் போய் எண்ணாது. பெர்ல் வழியில் வந்த மொழிகள் கூடுதல் வசதிகளுக்காக அதை விட்டுவிட்டன. விபத்துக்குப் பிறகு க்ளவுட்ஃப்ளேர், படிகள் பெருகாது என்று உத்தரவாதம் தரும் அந்த வகை இயந்திரத்துக்கு மாற முடிவெடுத்தது. ஐம்பது வருஷம் சுற்றிவிட்டு வீடு திரும்புவது மனிதர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

2021 டிசம்பரில் நடந்தது இதற்கெல்லாம் நேர்மாறு. லாக்கைப் படிப்பதில் அல்ல, எழுதுவதிலேயே விபத்து. ஜாவா நிரல்களுக்கு லாக் எழுதிக்கொடுக்கும் லாக்ஃபோர்ஜே என்ற நூலகம், தான் எழுதும் வரிக்குள் டாலர் குறியும் வளைவு அடைப்பும் கொண்ட ஒரு தொடர் வந்தால், அதை எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டது. வெளியாள் ஒருவர் தம் பெயர் என்று சொல்லி அந்தத் தொடரைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதைக் குறித்துக்கொள்வதற்குப் பதில் அவர் சொன்ன இடத்துக்குப் போய் அவர் கொடுத்த நிரலை வாங்கி ஓட்டியது. ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ‘பீரோவைத் திற’ என்று ஒருவர் கையெழுத்துப் போட, காவல்காரர் போய்த் திறந்துவிட்ட கதை.

ஆக, எல்லாத் தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஓர் எழுத்து தன்னையே குறிக்கிறதா, வேறொன்றைக் குறிக்கிறதா? இந்தக் கேள்வியை இந்த நாட்டு இலக்கணக்காரர்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கேட்டுவிட்டார்கள். பாணினியின் சூத்திரம் ஒன்று, விதியில் வரும் சொல் தன் வடிவத்தையே குறிக்கும் என்கிறது. கலைச்சொல்லாக வரையறுத்தவை மட்டும் விலக்கு. அக்னி என்ற சொல்லுக்கு ஒரு விகுதி என்றால் அது அந்தச் சொல்லுக்கு மட்டும், நெருப்பைக் குறிக்கும் மற்ற சொற்களுக்கு இல்லை. அவர் சேர்க்கும் குறிப்பெழுத்துகளும், வேலை முடிந்ததும் பின்சாய்வுக் கோட்டைப் போலவே மறைந்துவிடும். தமிழ் இந்த வேலையைப் பேச்சிலேயே செய்கிறது. ‘வா என்றான்’ என்றால் யாரும் எழுந்து வருவதில்லை. ‘என்று’ என்ற சொல், முன்னால் இருப்பது கட்டளை இல்லை, மேற்கோள் என்று காட்டிவிடுகிறது. லாக்ஃபோர்ஜேக்கு இல்லாமல் போனது அந்த ‘என்று’தான்.

தமிழ்ப் புள்ளிக்கும் இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து உணர வேண்டும். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாடம் தேற வேண்டியிருந்தது. மனிதர் இடம் பார்த்து உணர்வார். கம்ப்யூட்டர் உணராது.

பைத்தானுக்கு இன்றைக்கும் தமிழ்ப் புள்ளி புரியவில்லை. சொல்லில் வரக்கூடிய எழுத்து எதுவானாலும் எடு என்பதற்கு, பின்சாய்வுக் கோடும் ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்தும் போடுவது வழக்கம். அதன் உள்ளமைந்த ரெஜெக்ஸிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து, சொற்களைப் பிரி என்றால், ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டு துண்டாகத் தரும். யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அவை எழுத்து இல்லை, ஒட்டுக்குறி என்ற கணக்கில் சேர்ந்தவை. பைத்தான் அவற்றைச் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. ஒட்டுக்குறிகளையும் சொல்லில் சேர்க்க வேண்டும் என்பது யூனிகோட் அமைப்பின் பரிந்துரை; எல்லா மொழிகளும் அதைப் பின்பற்றவில்லை. பெங்களூர் என்று கொடுத்தால் ப, ங, கள, ர என்று நாலு துண்டு. பாஷைச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: உயிர்க்குறிகளைத் தனியாக வைத்திருக்கும் கன்னடத்துக்கும் இந்தக் கதிதான்.

வேடிக்கையாகத் தோன்றினாலும் இதற்குள் வேதனை இருக்கிறது. பெயரைத் தாய்மொழியில் எழுதி விண்ணப்பம் போட்டவரின் வரி லாக்கில் இருக்கும். தேடும் சூத்திரம் அந்தப் பெயரைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று சொல்லும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவரிடம் “உங்க விண்ணப்பமே வரலையே” என்பார்கள். அவர் திரும்பிப் போவார். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைக்கும் தமிழ்ப் பெயரை, எழுத்து மட்டுமே வரலாம் என்று எழுதிய சூத்திரம் நிராகரிப்பதும் இதே ஜாதி.

புள்ளி வைப்பதும் கோடு போடுவதும் பெரிய வித்தை இல்லை. பொருந்தியது எத்தனை, பொருந்தாதது எத்தனை, பொருந்தாதவர் யார் என்று கேட்கும் பழக்கம்தான் முக்கியம். இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மாள் கேட்ட கேள்வியை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் கேட்டால் நன்றாக இருக்கும். திரையில் பூஜ்யம் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. புள்ளி தப்பியிருக்கலாம். தப்பாமலும் இருந்திருக்கலாம்.